எலாடியோவின் கூவல்

எங்கள் ஊர்த் தேவாலய வானொலிக்கு ஒலிப்பதிவுக் கூடம் என்று தனியாக எதுவும் கிடையாது. பாதிரியாரின் பழைய சாமான் அறையில் சுவர்களை ஒட்டி மெத்தைகளை நிறுத்தி, ஜன்னலுக்கும் ஒரு மெத்தையைச் சாத்திவிட்டு, அதைக் கூடம் என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் ஒலிவாங்கி. மூலையில் நான். வியாழக்கிழமைதோறும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்து ஒருவர் வாழ்க்கையை மற்றவரிடம் சொல்வார்கள், நான் பதிவு செய்வேன். நிகழ்ச்சியின் பெயரும் 'இரண்டு நாற்காலி'தான். யோசித்துப் பெயர் வைக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

சில விதிகள் உண்டு. ஐஸ் தண்ணீரில் ஊறும் எங்கள் இலைப் பானமான தெரெரேயை நான் ஊற்றுவேன். ஒரே கொம்புக் குவளை, ஒரே குழல், ஒரே யெர்பா இலைத்தூள். இருவரும் மாறி மாறிக் குடிக்க வேண்டும். குழல் யார் வாயில் இருக்கிறதோ அவர் கேட்பவர், மற்றவர் பேசுபவர். கூஜாவில் ஐஸ் தண்ணீர் தீர்ந்தால் பதிவும் தீர்ந்தது. நடுவில் போதும் என்று தோன்றினால், எங்கள் நாட்டு வழக்கப்படி நன்றி சொல்லிக் கொம்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு பேரும் சம்மதித்தால்தான் வானொலியில் போகும். பதிவு ஓடும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் கடைசி விதியையும் நானேதான் போட்டேன், புத்தி கெட்டுப் போய்.

இந்த நாற்காலிகளில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிரியாரும், அவரைப் பத்து வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கும் கசாப்புக் கடைக்காரரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே கொம்பில் குடித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவது கஷ்டம் என்பது என் கணக்கு. பெரும்பாலும் அது பலித்தது. ஜன்னலுக்கு வெளியே சிப்பா ரொட்டி விற்கும் ஞா பாப்லாதான் எனக்கு ஒரே தலைவலி. பதிவு நடக்கும் நேரமாகப் பார்த்துத்தான் "சிப்பா, சூடான சிப்பா" என்று கத்திக்கொண்டு போவாள். மெத்தையைத் துளைத்துக்கொண்டு வரும் அந்தக் குரல். எத்தனையோ முறை சண்டை போட்டுவிட்டேன். "உன் ரேடியோவுக்காக நான் ஊமையாகணுமா டெல்ஃபி?" என்பாள். அவளுக்கு எண்பது வயது. அவளிடம் என்ன செய்ய முடியும்?

நிமியா ரொடேலா என்னைத் தேடி வந்தது அவள் அம்மா இறந்த மறு மாதம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஐம்பதை நெருங்குகிறாள், கல்யாணம் ஆகவில்லை, யாரோடும் அதிகம் பேசமாட்டாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"தொன் சிரிலோவோட எனக்கு ஒரு பதிவு வேணும்" என்றாள்.

கையில் இருந்த ஒயரை நான் கீழே வைத்துவிட்டேன். தொன் சிரிலோ அகோஸ்டாவை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உளவு சொல்கிறவனை நாங்கள் உள்ளங்காலில் முடி முளைத்தவன் என்போம், நடந்தால் சத்தம் வராதாம். ராணுவத் தளபதி நாட்டை ஆண்ட காலத்தில் அவர் கட்சி ஆபீசில் எடுபிடியாக இருந்தார். எழுபத்தாறாம் வருடம் விவசாயிகள் சங்கத்து ஆட்களை வேட்டையாடியபோது, காட்டில் ஒளிந்திருந்த எலாடியோ ரொடேலாவைக் காட்டிக் கொடுத்தது அவர்தான் என்று ஊர் சொல்கிறது. லாரியில் ஏற்றிப்போன எலாடியோ திரும்பவில்லை. குழியும் கிடைக்கவில்லை. அந்த எலாடியோவின் மகள்தான் நிமியா. அப்போது கைக்குழந்தை.

"எதுக்கு? யார் காட்டிக் கொடுத்தான்னு கேக்கவா?"

"அதைக் கேக்க மாட்டேன். அவரும் அதைப் பேசக் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா வரட்டும்." பிறகுதான் உட்கார்ந்தாள். "டெல்ஃபி அக்கா, எங்கிட்ட அப்பாவோட ஒரு போட்டோகூட இல்லை. அம்மா எல்லாத்தையும் எரிச்சிட்டாங்க, வீட்டைச் சோதனை போடுவாங்கன்னு பயந்து. வாயையும் பூட்டிக்கிட்டாங்க. எங்கப்பா எப்படி நடப்பாருன்னுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சு அவரோட கூடப் பழகினவங்கள்ல உயிரோட இருக்கறது இந்த ஆள் ஒருத்தர்தான். ரெண்டு பேரும் ஒரே டீம்ல பந்து விளையாடினவங்களாம்."

பைத்தியமா இவளுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

தொன் சிரிலோவைச் சம்மதிக்க வைப்பது சிரமமாக இருக்கவில்லை. கிழவர் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் போலும். அவருக்குத் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் மைக்கில், ஊர் கேட்க. நிமியாவின் நிபந்தனையைச் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது.

"அதை விட்டா நான் பேச என்ன இருக்கு?"

"எலாடியோ இருக்கார்" என்றேன்.

வெகுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார்.

வியாழன் காலை அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். நிமியா ஒரு பையோடு வந்தாள். பையிலிருந்து அவள் தன் சொந்தக் கொம்பையும் குழலையும் எடுத்து மடியில் வைத்தபோது எனக்குச் சுருக்கென்றது. பெருந்தொற்றுக் காலத்தில் ஆளுக்கொரு கொம்பு என்று அரசாங்கம் சொன்னது உண்மைதான், ஆனால் அதெல்லாம் எப்போதோ காற்றில் போயாயிற்று. இன்று ஒரு வட்டத்தில் சொந்தக் கொம்போடு உட்காருவது, பந்தியில் உட்கார்ந்து பக்கத்து இலையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்வது போல. என் விதிகளில் இதற்கு விதி இல்லை. கிழவர் பார்த்தார். நான் இரண்டு கொம்புகளிலும் ஊற்றினேன்.

"கேளு மகளே" என்று ஆரம்பித்தார் அவர்.

"மகளேன்னு கூப்பிடாதீங்க. டீச்சர்னு கூப்பிடுங்க."

"சரி டீச்சர்."

"எங்கப்பா உயரமா?"

"உயரமெல்லாம் இல்லை. ஆனா உயரமா நடப்பான். கழுத்தை நீட்டிக்கிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் என்னமோ இருக்கற மாதிரி." தன் நடுங்கும் கழுத்தை நீட்டிக் காட்டினார். "இடது கால்ல அடிப்பான். நான்தான் கோல்கீப்பர். பயிற்சியில அவன் அடிச்சு என் பல்லு ஒண்ணு போச்சு. மூணு நாள் எங்க வீட்டுக்கு வந்து மாட்டுக்குப் புல்லு வெட்டிப் போட்டான், மன்னிப்புக் கேக்க வாய் வராம."

"பொய் சொல்வாரா?"

"மீன் பிடிக்கற விஷயத்துல மட்டும். இவ்வளவு பெருசும்பான். ஆத்துலயே அவ்வளவு இடம் கிடையாது."

நிமியா சிரித்தாள். சிரித்ததும் அவளுக்கே கோபம் வந்துவிட்டது, உடனே நிறுத்திக்கொண்டாள். அடுத்தடுத்துக் கேட்டாள். பாடுவாரா? பாடமாட்டான், விசிலடிப்பான். முடி சுருட்டையா? சுருட்டை, உன்னைப் போலத்தான். என்னைத் தூக்கி வைத்திருந்தாரா? நீ அழுதா உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு வெளியே வந்து, நட்சத்திரத்தைக் காட்டி மாடுன்னு சொல்லுவான்.

கணக்கு டீச்சர் அல்லவா, இந்த இடத்தில் நிறுத்தினாள். "நீங்க சொல்றது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்? என் மனசைக் குளிரவைக்கணும்னு எதையாவது அவிழ்த்து விடலாமே."

"விடலாம்" என்றார் தொன் சிரிலோ. "சரிபார்க்க ஆள் இல்லை டீச்சர். நான் ஒருத்தன்தான் மிச்சம்."

நிமியா தன் குழலை உறிஞ்சினாள். இந்த ஒன்றுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. அப்பனைக் கேட்டு வந்தாள். கிடைக்கிறான். ஆனால் கொடுப்பவனோ நம்பத் தகாதவன். கையில் வாங்குவது அப்பன்தானா, கிழவன் செய்த பொம்மையா என்று பிரித்துப் பார்க்க அவளிடம் ஒன்றும் இல்லை.

"அவரோட சாபுகாய் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

எங்கள் ஆண்களின் கூவல் அது. வயலிலிருந்து திரும்பும்போது, திருவிழாவில், ஒரு வாய் சாராயம் உள்ளே போனதும், தொண்டையைத் திறந்து விடுவார்கள். ஒருவன் கூவல் இன்னொருவனுக்கு வராது. எத்தனை பேர் கூவினாலும் தாய்க்காரி தன் மகனுடையதை அடுப்படியில் இருந்தே பிரித்துச் சொல்லிவிடுவாள்.

தொன் சிரிலோ தலையை ஆட்டினார். "அது வேண்டாம். அடுத்தவன் கூவலை நம்ம வாயில போடக் கூடாது. அதுவும் செத்தவனோடது."

"செத்தாருன்னு யார் சொன்னா? யாரும் எங்களுக்குச் சொல்லலை."

நான் ஊற்றினேன். கூஜாவில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. நிமியா, வலிக்காத கேள்வியாக ஒன்று கேட்போம் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"தெரெரே எப்படிக் குடிப்பாரு? தண்ணியில என்ன போடுவாரு?"

நானும் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் யாரைப் பற்றி யார் விசாரித்தாலும் இதைக் கேட்பார்கள். ஒருவர் புதினா போடுவார், ஒருவர் எலுமிச்சைப் புல் போடுவார். ஆனால் தொன் சிரிலோ கொம்பை முக்காலியில் வைத்தார். கை ஒலிவாங்கியில் இடித்தது. கருவியில் ஒலியளவு காட்டும் முள் துள்ளியது.

"டீச்சர், வேற ஏதாவது கேளு."

"ஏன்?"

"இதுக்குப் பதில் சொன்னா, நீ பேசக் கூடாதுன்னு சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்லணும். ரெண்டும் ஒண்ணுதான்."

நிமியா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? வாயை மூடிக்கொண்டு கருவியைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் தன் கொம்பைக் கையில் எடுத்தாள், குழலை வாயில் வைத்தாள். விதிப்படி அவள் கேட்பவள்.

"நாரத்தை இலை" என்றார் தொன் சிரிலோ. "கொழுந்தா பறிச்சுக் கையாலயே கசக்கிப் போடுவான். கசப்பு. இந்த ஜில்லாவுலயே வேற எவனும் அதைப் போட்டுக் குடிக்க மாட்டான். நாங்க கிண்டல் பண்ணுவோம், உனக்கு நாக்கா இல்லை செருப்பாடான்னு. அந்த ஏப்ரல்ல சங்கத்து ஆளுங்களைப் பிடிச்சிட்டிருந்தாங்க. எலாடியோவைக் காணோம். செத்துட்டான்னு ஒருத்தன் சொன்னான், அர்ஜென்டினாவுக்கு ஓடிட்டான்னு ஒருத்தன் சொன்னான். எனக்குச் சோறு இறங்கலை. கட்சி ஆபீஸ்ல வேலைதான், ஆனா அவன் என் சிநேகிதன். ஒருநாள் காலையில ஓடைப் பக்கம் மாடு தேடிப் போனேன். கரையில யாரோ யெர்பா சக்கையைக் கொட்டியிருந்தாங்க. ஈரம் காயலை. கிளறிப் பார்த்தேன். உள்ளே நாரத்தை இலை."

ஞா பாப்லா தூரத்தில் கத்திக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே. உயிரோட இருக்கான், பக்கத்துலயே இருக்கான், கழுதை அந்தக் கசப்பைக்கூட விடலை. அப்படியே ஆபீசுக்குப் போனேன். மாமரத்தடியில வட்டமா உட்கார்ந்து குடிச்சிட்டிருந்தாங்க. கொம்பு எங்கிட்ட வந்தது. குடிச்சிட்டுச் சொல்லிட்டேன். எலாடியோ பயலைப் பாருங்கடா, காட்டுல ஒளிஞ்சுக்கிட்டும் ஓடைக்கரையில நாரத்தை இலை போட்டுத்தான் குடிக்கறான்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னேன் டீச்சர். கட்சித் தலைவருக்குக் கொம்பு போச்சு. அவர் ஒண்ணுமே கேக்கலை. அடியில சத்தம் வர்ற வரைக்கும் உறிஞ்சார். துடைச்சிட்டு, எந்த ஓடைன்னு மட்டும் கேட்டார். அப்பத்தான் எனக்கு நான் என்ன சொன்னேன்னு தெரிஞ்சது. நான் சொல்லலை. ஆனா ஊர்ல ஓடை ஒண்ணுதானே இருக்கு. சாயந்திரம் லாரி போச்சு."

நிமியாவின் கொம்பு எப்போதோ வற்றியிருந்தது. குழல் இன்னும் வாயில் இருந்தது.

வட்டத்தில் உட்கார்ந்தால் இருப்பதைப் பேசுவோம், அதற்குத்தானே உட்காருகிறோம். மனதில் வந்ததைக் கொம்போடு சேர்த்துப் பக்கத்தில் உள்ளவனிடம் தள்ளிவிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். யார் மத்தியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அந்த நேரம் பார்ப்பதில்லை. அதற்காகக் கிழவர் சொன்னது முழுக்க உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த வருடம் அவருக்குத் தபால் ஆபீசில் வேலை கிடைத்தது. அதை அவர் சொல்லவில்லை, ஊர் சொல்லும். சந்தோஷத்தில் உளறியவனுக்கும் கூலி கிடைக்குமா, கிடைக்கலாமோ என்னவோ, எனக்குத் தெரியாது.

"எங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் நிமியா.

"தெரியும். நானே போய்ச் சொன்னேன். விறகுக் கட்டையால அடிச்சாங்க." இடது கைச் சுண்டுவிரலைக் காட்டினார். கோணலாக ஒட்டியிருந்தது. "அடிச்சு முடிச்சிட்டு, வீட்டுல இருந்த நாரத்தை மரத்தை வெட்ட ஆரம்பிச்சாங்க."

"மரம் இருந்துச்சா?" நிமியாவின் குரல் மாறிவிட்டது. "எங்க வீட்டு மண்ணுல நாரத்தைக் கன்னு எது முளைச்சாலும் அம்மா பிடுங்கிப் போட்டுடுவாங்க. முள்ளு குத்தும்னு சொல்லுவாங்க. ரோஜாச் செடி இருந்துச்சு, அதுக்கும்தான் முள்ளு."

தொன் சிரிலோ முக்காலியில் இருந்த கொம்பை எடுத்தார். அடியில் மிச்சம் இருந்ததைக் குடித்தார். என்னிடம் நீட்டினார்.

"நன்றி" என்றார்.

அதற்கு மேல் கேட்க வழியில்லை. நான் கருவியை நிறுத்தக் கையை வைத்தேன். அவர் தொப்பியைத் தேடினார், நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்து எழ முயன்றார்.

"உட்காருங்க" என்றாள் நிமியா. நன்றி சொன்னவரை மறுபடி உட்காரச் சொல்லி என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. "தண்ணி இன்னும் இருக்கு."

அவர் உட்கார்ந்தார். "டீச்சர், உங்கிட்ட ஒரு தடவை மன்னிப்பு..."

"கேக்காதீங்க. கேட்டா நான் ஏதாவது பதில் சொல்லணும். எங்கிட்ட பதில் இல்லை. கூவுங்க."

"என்னால முடியாது."

"நீங்க சொன்னதெல்லாம் உங்க வார்த்தை. நட்சத்திரம், மீனு, நாரத்தை, எல்லாம். நம்பினாலும் உங்களைத்தான் நம்பணும். அவரோடதுன்னு ஒண்ணாவது குடுங்க. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

கிழவர் என்னைப் பார்த்தார். பிறகு மெத்தை சாத்திய ஜன்னலைப் பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். ஒலிவாங்கியைத் தள்ளி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அவர் கூவினார். எழுபத்தெட்டு வயதுத் தொண்டையில் முதலில் காற்றுதான் வந்தது, இருமல் போல. மறுபடி மூச்சிழுத்தார். இந்த முறை கீழிருந்து கிளம்பி, நடுவில் சட்டென்று அறுந்து, அறுந்த இடத்திலிருந்து இன்னும் மேலே ஏறி, கடைசியில் பெண்பிள்ளை சிரிப்பது போலச் சின்னதாக மூன்று துண்டாய் உடைந்து முடிந்தது. எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, எத்தனையோ கூவல் கேட்டிருக்கிறேன். இது எனக்குத் தெரிந்த யாருடையதும் அல்ல. முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. தெருவில் நாய்கள் குரைத்தன. தொன் சிரிலோ மூச்சு வாங்கியபடி மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நிமியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்புவதா வேண்டாமா என்பது இன்னும் தீரவில்லை. இதையும் அவர் இட்டுக்கட்டியிருக்கலாம்.

வெளியே ஞா பாப்லாவின் கத்தல் நின்றிருந்தது. நான் பல வருடமாகக் கேட்டுக் கிடைக்காத அமைதி. பிறகு ஜன்னல் கம்பியில் தட்டும் சத்தம். மெத்தையைக் கொஞ்சம் நகர்த்தினேன். தலைமேல் கூடையோடு அவள் நின்றிருந்தாள். வெளிச்சத்தில் நின்ற அவளுக்கு அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

"டெல்ஃபி, பழைய டேப் ஏதாவது போட்டியா?"

"இல்லையே. ஏன்?"

"இப்ப கூவினது எலாடியோ ரொடேலா இல்லையா?"

அந்தப் பேரை அவளிடம் நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

நிமியா எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். "நிச்சயமாத் தெரியுமா ஞா பாப்லா?"

"யாரு, டீச்சரா? நீ இங்க என்னடி பண்ற? தெரியாம என்ன, நீ நடக்கக் கத்துக்கற வரைக்கும் அடுத்த வேலிதானே நாங்க. அந்தக் கடைசிச் சிரிப்பு வேற எவனுக்கும் வராது." கிழவி கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "வயல் கோடியில அவன் கூவினா, உங்கம்மா உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டு ஓடி வந்து நாரத்தை மரத்துல கொழுந்து பறிப்பா. அவன் வந்து சேர்றதுக்குள்ள தண்ணியில போட்டு வைக்கணுமே. நீ அவ கையைத் தட்டித் தட்டி இலையைப் பிடுங்குவே."

நிமியா அப்போதுதான் அழுதாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அழுவது போல, மூக்கைக்கூடத் துடைக்காமல் அழுதாள். ஞா பாப்லா கூடையைத் தரையில் இறக்கி வைத்தாள். தொன் சிரிலோ தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். இதையெல்லாம் நான் விலகி நின்று பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் எனக்கும் கண் மறைத்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து நிமியா வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கூவின இடத்துல சத்தம் உடைஞ்சிருக்கும். மைக்கைத் தள்ளி வெச்சு இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்றேன். பதிவு ஓடும்போது நாற்காலியில் இருப்பவர்களிடம் நான் பேசியது அந்த ஒரு முறைதான்.

"வேண்டாம் அக்கா. உடைஞ்சதே போதும்."

மன்னித்தாளா என்று ஊரில் என்னிடம் கேட்கிறார்கள். அன்றைக்குக் கடைசிவரை அவள் எங்கள் கொம்பில் வாய் வைக்கவில்லை, தன்னுடையதில்தான் குடித்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் கூஜாவை என் கையிலிருந்து வாங்கி, தொன் சிரிலோவின் கொம்பில் அவளே ஊற்றினாள்.

"சொல்லுங்க" என்றாள் அவரிடம். "அந்த மரம் வீட்டுல எங்க இருந்துச்சு?"

"கிணத்துக்கு வலது பக்கம்" என்றார் அவர். "இப்ப நீ துணி காயப்போடற இடம்."